கல்லுமுனை ரோக்கு கிளப்பின் கடைசி ஃபைனல்

இங்க உக்காருங்க தம்பி. அந்த ஜன்னல் பக்கம் வேண்டாம், மழை வந்தா ஒழுகும். நீங்க கண்டக்டர்கிட்ட கேட்டது எனக்கும் காதுல விழுந்துது. கல்லுமுனைத்துறை, ரோக்கு கிளப்பு கிரவுண்டு. அவனுக்கு என்ன தெரியும், அவன் மலையோரத்துக்காரன். எனக்கிட்ட கேளுங்க. நான் அந்தக் கிளப்புக்குச் செக்ரட்டரி. பேரு ததேயுஸ். இப்பவும் செக்ரட்டரிதான், யாரும் என்னை மாத்தல்ல. மாத்துததுக்கு ஆளு வேணும்லா.

கடற்கரைக் கிளப்புகளுக்க சரித்திரம் எழுதுதியளோ? நல்ல காரியம். எங்க கிளப்பைப் பத்தி வேற எவன்கிட்டயும் கேக்காண்டாம். ஊருல நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவான். அதுலயும் இப்போ அந்தப் பேரை எடுத்தாலே முகத்தைத் திருப்புதானுவ. பஸ்ஸு போய்ச் சேர நேரம் கெடக்கு. நான் ஆதியில இருந்தே சொல்லுதேன்.

எங்க ஊருக்கும் பனவிளைக்கும் நடுவுல ஒரு குருசடி உண்டு, சிலுவை நட்ட சின்னக் கோயில். அதுதான் எல்லை. கரைமடி இழுக்குத காலத்துல உனக்க வலை எனக்க பக்கம் வந்துட்டுன்னு அடிபிடி. வெட்டு, குத்து. எங்க அப்பாவுக்கு ஒரு காது பாதிதான் உண்டு, பனவிளைக்காரன் வெட்டினது. அப்போ பங்குக்கு எலிஜியுஸ் சாமியார்னு ஒருத்தர் வந்தாவ. நல்ல உயரம், பெரிய கோபம். ரெண்டு ஊருப் பயலுவளையும் குருசடி முன்ன கூப்பிட்டு நிறுத்தி, கொல்லத்துல இருந்து வாங்கிட்டு வந்த ஒரு பந்தைத் தூக்கி நடுவுல போட்டாவ. "உதைக்கணும்னா இதை உதைங்கலே, மனுசனை விடுங்க"ன்னு சொன்னாவ. அதுதான் தொடக்கம். அன்னைக்கு முதல் ஆட்டத்துல அஞ்சு நிமிசத்துல அடிதடி. ரெண்டாவது ஆட்டத்துலயும் அடிதடி. போகப் போக ரெஃப்ரிக்கு மட்டும்தான் அடி விழுந்துது. அதைச் சாமியார் பெரிய வெற்றின்னு சொன்னாவ.

கிளப்புக்கு ரோக்குன்னு பேரு வச்சதும் அவியதான். எங்க பாதுகாவலர் புனித ரோக்கு. கொள்ளைநோய்க்காரங்களுக்க கூடவே இருந்த புனிதர், காலுல புண்ணு இருக்கும், பக்கத்துல ஒரு நாயி நிக்கும். பனவிளைக்காரன் எங்களை நாய் டீமுன்னுதான் கூப்பிடுவான். கூப்பிடட்டும். நாயிதான் அவனைக் கடிச்சுது. தொடர்ந்து மூணு வருசம் திருவிழாக் கப்பு எங்களுக்கு.

அந்தக் காலத்துல பூட்ஸு கீட்ஸு ஒண்ணும் கெடயாது. கட்டுமரம் காயப்போடுத மணல்தான் கிரவுண்டு. பந்து தண்ணி குடிச்சுப் பாறை மாதிரி கனக்கும். அதைத் தலையால முட்டினவன் அன்னைக்கு முழுக்கக் காது கேக்காமத் திரிவான். ஆனா பாத்துக்கிடுங்க, மணல்ல ஓடிப் பழகின காலு புல்லுல பறக்கும். நாகர்கோயில்ல காலேஜ் டீமுவளை நாங்க ஓட ஓட விரட்டியிருக்கோம்.

நானா? நான் பேக்கு ஆடினேன். ரெண்டு சீசன். கோல் அடிச்சது கெடயாது, பேக்கு ஆடுதவன் எதுக்குக் கோல் அடிக்கணும்? மூணாவது சீசன்ல முட்டு போச்சு. அப்போ சாமியார் சொன்னாவ, "ததேயுஸ், நீ செக்ரட்டரியா இரு, உனக்குக் கண்டிப்பு உண்டு"ன்னு. அன்னைக்கு எடுத்தது. எத்தனை சாமியார் வந்தாவ, போனாவ. செக்ரட்டரி நான்தான்.

கண்டிப்புன்னா சும்மா இல்ல. பிராக்டீஸுக்கு வராதவனுக்கு ஜெர்சி கெடயாது. கள்ளு குடிச்சுட்டு வந்தா ஜெர்சி கெடயாது. கோயில்ல கல்யாண ஓலை வாசிக்குததுக்கு முன்ன எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடணும், மேட்ச் அன்னைக்குத் தாலி கட்டிரக்கூடாதுலா. என் மகளுக்குக் கல்யாணம் நடந்த அன்னைக்கே செமிஃபைனல் வந்துட்டு. கோயில்ல கையைப் பிடிச்சுக் குடுத்துட்டு நேரே கிரவுண்டுக்குப் போயிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விருந்துல தேடியிருக்காவ. மகள் இன்னைக்கும் போனுல அதைச் சொல்லிக் காட்டுவா. பொம்பளப் பிள்ளைகளுக்குச் சில காரியம் விளங்காது. அன்னைக்கு நாங்க ஜெயிச்சோம்.

அப்புறம் கடலு கிரவுண்டைத் தின்ன ஆரம்பிச்சுது. பக்கத்துல எங்கயோ துறைமுகம் கட்டினதுல நீரோட்டம் மாறிட்டுன்னு சொல்லுதாவ. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒவ்வொரு ஆனி ஆடியிலயும் கொஞ்சம் மணலைக் கொண்டு போவும். மேற்கு கோல்போஸ்டை ஒரு தடவை உள்ள தள்ளி நட்டோம், இன்னொரு தடவை தள்ளினோம், மூணாவது தடவை போஸ்டையே கொண்டு போயிட்டு. அப்புறம் அலையைத் தடுக்கக் கல்லு போட்டாவ. இப்போ கல்லுக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு கிரவுண்டு, நீளத்தைவிட அகலம் கூடுதல் மாதிரி. அதுலயும் ஆடினோம். நான் ஆட வச்சேன்.

இனி வெனான்ஸைப் பத்திச் சொல்லணும். அவனைச் சொல்லாம எங்க கிளப்பு இல்ல.

வெனான்ஸ் எனக்க தங்கச்சி பிலோமிக்க மகன். ஒரே மகன். அவளுக்க மாப்பிள்ளை கல்லீரல் கெட்டு, பையன் பத்தாங்கிளாஸ் படிக்குதப்போ செத்துட்டான். அதோட படிப்பை விட்டுட்டு இவன் தொழிலுக்குப் போனான். அவனுக்க இடது காலு இருக்கே தம்பி, அது என்ன காலு! பந்து அவன்கிட்ட வந்தா நின்னு மூச்சு வாங்கும். நாலு பேரு சுத்தி வந்தாலும் அவசரப்பட மாட்டான். சிரிச்சுக்கிட்டே போவான். பனவிளைக்காரனே "எங்களுக்கு ஒரு வெனான்ஸைப் பெத்துத் தாங்கடி"ன்னு வீட்டுல சொல்லுவானாம். கேரளத்துல ஒரு கிளப்புல இருந்து ஆளு வந்து கூப்பிட்டாவ. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். ஒரு விதவையை விட்டுட்டு எங்க போவான்? அதோட, அவன் போனா எங்களுக்கு யாரு? அவனுக்கும் போக மனசு இல்ல. இருந்திருந்தாச் சொல்லியிருப்பான்லா. ரெண்டு நாளு மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தான், அவ்வளவுதான்.

அந்த வருசம் ஃபைனலுக்கு நாங்க வந்தோம். எதிரி யாரு? பனவிளை. எத்தனையோ வருசம் கழிச்சு ரெண்டு ஊரும் ஃபைனல்ல, அதுவும் எங்க கிரவுண்டுல. நவம்பர்க் கடைசி. கல்லறைத் திருநாள் முடிஞ்சு ஊருக்கே அதுதான் பேச்சு.

அதுல ஒரு சிக்கல் வந்துது. டீமுல மூணு பேரு சிலுவதாசனுக்க போட்டுல தொழில் செய்யுதவனுவ. வெனான்ஸு, ரைட் பேக்கு ஆடுத சகாயம், ஹாஃபு ஆடுத டெலாசால். தங்கல் தொழில் தம்பி. ஆழக்கடலுக்குப் போனா வாரக்கணக்குல கடல்ல கெடக்கணும். ஃபைனலுக்கு முந்தின திங்கட்கிழமை சிலுவதாசன் போட்டை எடுக்கப் போறேன்னு சொன்னான்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை காலையில கரையில நிப்போம். ஃபைனலுக்கு ஆள் வந்துரும், நான் பொறுப்பு"ன்னு சொன்னான்.

நான் விடுவேனா? "லே, ஒரு வாரம் போட்டுல மடங்கிக் கெடந்த காலு எப்படில ஓடும்? போட்டை எடுக்காதே."

"நல்ல மீன்பாடு இருக்குத நேரம் அண்ணே. ஒரு வாரம் கரையில கெடந்தா எப்படி?"

அவன் வீட்டுக்காரங்களுக்குத் திருவிழாவுல சப்பரம் தூக்குத முறை உண்டு, பரம்பரையா. நான் சொன்னேன், "ஊருக்கு உதவாதவனுக்கு ஊருக்க முறை எதுக்கு? பங்குக் கமிட்டியில பேச வேண்டி வரும்"ன்னு. அவ்வளவுதான் சொன்னேன். அவன் நங்கூரத்தைத் திரும்ப இறக்கிட்டான். அந்த வாரம் முழுக்க அந்தப் போட்டு கரையில கெடந்துது. பாத்துக்கிடுங்க, அன்னைக்கு ரோக்கு கிளப்பு செக்ரட்டரி சொன்னா எஞ்சின் வச்ச போட்டும் நிக்கும். இன்னைக்கு நான் சொன்னா ஒரு சைக்கிளு நிக்காது.

ஃபைனல் அன்னைக்கு கூட்டம் சொல்லி முடியாது. கல்லு மேல, ஓட்டு மேல, தென்னை மேல எல்லாம் ஆளு. எனக்க தங்கச்சி கோயில் மதிலுக்குப் பக்கத்துல பொம்பளைகளோட நின்னுக்கிட்டிருந்தா, கையில செபமாலை. முதல் பாதியில ஒண்ணும் இல்ல. ரெண்டாவது பாதியில பனவிளைக்காரன் ஒண்ணு போட்டுட்டான். குருட்டுக் கோல். அப்புறம் நாங்க முட்டி மோதுதோம், முட்டி மோதுதோம், பந்து உள்ள போகல்ல. ஆட்டம் முடியப் போகுது. அப்போ டெலாசாலைப் பாக்ஸுக்குள்ள இழுத்துத் தள்ளிட்டான் ஒருத்தன். பெனால்டி!

ஊரே எழும்பிட்டு. வெனான்ஸு லைனுக்குப் பக்கத்துல எனக்கிட்ட வந்தான்.

"மாமா, சகாயம் அடிக்கட்டும். எனக்குத் தொடை பிடிச்சு இழுக்குது. காலு நிலைக்கல்ல."

"என்னலே பேசுத? பனவிளைக்காரன் பாத்துக்கிட்டு நிக்கான். நீ பயந்துட்டன்னு சொல்லுவான். எனக்க மானம் உனக்க காலுலதான் இருக்கு. போ."

"மாமா, சத்தியமா முடியல்ல."

"போலே!"

போனான். அடிச்சான். பந்து போஸ்டுக்கு மேல, கல்லுக்கு மேல, கடல்ல போய் விழுந்துது. விசில்.

அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்லுவேன். பனவிளைக்காரன் கெடந்து ஆடுதான். நாய் மாதிரிக் குரைச்சுக் காட்டுதான். வெனான்ஸு அந்தப் புள்ளியிலயே குத்த வச்சு உக்காந்துட்டான். எனக்குக் கண்ணு மண்ணு தெரியல்ல. நேரா உள்ள போனேன்.

"ஜெர்சியைக் கழத்து."

அவன் நிமிந்து பாத்தான். "வீட்டுல போய்க் கழத்தித் தாறேன் மாமா. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். இது கிளப்பு ஜெர்சி. இதைப் போட்டுக்கிட்டு இந்தக் கிரவுண்டை விட்டு நீ போகக்கூடாது."

கழத்திக் குடுத்தான். விதிதான் தம்பி. நான் புதுசா ஒண்ணும் செய்யல்ல. சொந்தத் தங்கச்சி மகன்னு விட்டுட்டா நாளைக்கு மத்தவன் கேக்க மாட்டானா? அவன் வெறும் மேலோட, டவுசரோட அந்தக் கூட்டத்துக்கு நடுவுல நடந்து போனான். பனவிளைக்காரனுவ விசில் அடிச்சானுவ. அதுக்கு நான் என்ன செய்ய? விசில் அடிக்கச் சொல்லி நானா சொன்னேன்? பிலோமி மதிலுக்குப் பக்கத்துல இருந்து ஓடி வந்து, அவளுக்க தோளுல கெடந்த துவர்த்தை அவனுக்குப் போர்த்திக் கூட்டிட்டுப் போனா. எனக்கிட்ட ஒண்ணும் பேசல்ல. அப்போ கோபம்னு நினைச்சேன். பொம்பளைக் கோபம், ரெண்டு நாளையில போவும்னு.

சாயங்காலம் அவன் எனக்க வீட்டு வாசல்ல வந்து நின்னிருக்கான். நான் உள்ள இருந்தேன். எனக்க வீட்டுக்காரி கிளாரா வந்து, "பிள்ளை வந்து நிக்குது, ஒரு வார்த்தை பேசுங்க"ன்னா. "நாளைக்கு வரச் சொல்லு"ன்னேன். அவன் ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, "மாமாகிட்டச் சொல்லுங்க அத்தை, போட்டு விடியக்கால போவுது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். கிளாரா அதை வந்து எனக்கிட்டச் சொன்னா. கேட்டேன். போவட்டும், போயிட்டு வந்தாத் தெளிஞ்சு வருவான்னு சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்?

வழக்கமா ஃபைனல் ஆடினவன் ரெண்டு மூணு நாளு தொழிலுக்குப் போவ மாட்டான். உடம்பு நொந்து கெடக்கும். பிலோமியும் போவாண்டாம்னு தடுத்திருக்கா. "இந்த ஊருல நான் எப்படிம்மா நடப்பேன்"னு கேட்டானாம். சிலுவதாசனுக்கும் பதற்றம், ஒரு வாரம் கெட்டுப்போச்சு, ஈடு கட்டணும்னு. சகாயத்தையும் டெலாசாலையும் கூட ஏத்திக்கிட்டான். வழக்கமாப் போவுத இடத்தைவிட இன்னும் தள்ளி, நல்ல ஆழத்துக்குப் போயிருக்கான். இதெல்லாம் பின்னால ஊருல பேசினதுதான். ஊரு என்ன வேணும்னாலும் பேசும்.

புயல் வந்தது உங்களுக்குத் தெரியும். அதுக்குப் பேரெல்லாம் வச்சாவ. எனக்கு அந்தப் பேரு வாயில வராது. காத்து வருதுன்னு சேதி கரைக்கு வந்தப்போ எங்க பிள்ளைக ஆழத்துல. தென்னை எல்லாம் தலைமயிரு பிடிச்சு ஆட்டினது மாதிரி ஆடுது. கோயில் மணி தானா அடிக்குது. கிளப்பு ரூமுக்க கூரை பறந்து போயிட்டு. ஓடி வந்து பெட்டியைத் தூக்கிட்டு எனக்க வீட்டுக்குக் கொண்டு போனேன். கப்பு, கொடி, ஜெர்சி எல்லாம் அதுல. அந்தக் காத்துல, தகரம் பறக்குத காத்துல, நான்தான் போனேன். அதை எவனாவது சொல்லுதானா? சொல்ல மாட்டான்.

காத்து அடங்கினதும் ஒவ்வொரு போட்டா வந்துது. கொல்லத்துல ஒதுங்கினது, கொச்சியில ஒதுங்கினது, லட்சத்தீவுல கெடந்தது. போன் வரும், ஒரு வீட்டுல சிரிப்பாவ, பக்கத்து வீட்டுல அழுவாவ. சிலுவதாசனுக்க போட்டு வரல்ல. பொம்பளைக எல்லாம் கிரவுண்டுல வந்து உக்காந்தாவ, கடலைப் பாத்து. ராவும் பகலும் அங்கதான். கோல்போஸ்டுல சாரியைக் கட்டி நிழலுக்குப் போட்டுக்கிட்டாவ. நானும் விட்டுட்டேன்.

கேரளத்துல ஆஸ்பத்திரியில அடையாளம் தெரியாத உடம்பு வச்சிருக்குன்னு சொன்னப்போ, பாக்கப் போன ஆம்பளைகள்ல நானும் உண்டு. எனக்கிட்ட போட்டோ கேட்டாவ. எங்க டீமுப் பிள்ளைக மூணு பேருக்கும் தனித்தனி போட்டோ எனக்கிட்ட இல்ல. டீம் போட்டோதான் இருந்துது, அந்த சீசன் தொடக்கத்துல எடுத்தது. அதைக் கொண்டு போனேன். பிணவறையில பெட்டியைத் தொறக்குத ஆளு கேட்டாரு, இதுல யாரைத் தேடுதீங்கன்னு. நான் விரலை வச்சுச் சொன்னேன், இது ரைட் பேக்கு, இது ஹாஃபு, இது லெஃப்ட் அவுட்டுன்னு. அவரு என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. பேரு சொல்லுங்கன்னாரு. பேரு தெரியாம இல்ல தம்பி. அந்த நேரத்துல வாயில வந்தது அதுதான்.

உள்ள கெடந்தது எதுவும் எங்க பிள்ளைகன்னு அடையாளம் தெரியல்ல. இருக்கலாம்னும் சொல்ல முடியல்ல, இல்லன்னும் சொல்ல முடியல்ல. கடல்ல அத்தனை நாளு கெடந்த உடம்பு எப்படி இருக்கும்னு நான் உங்ககிட்ட விரிச்சுச் சொல்லல்ல. பிலோமி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. நான் தலையை ஆட்டினேன், இல்லன்னு. அவ அடுத்த ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறிட்டா.

அந்த வருசம் ஊருல கிறிஸ்துமஸு இல்ல. குடில் வைக்கல்ல, நட்சத்திரம் தொங்கவிடல்ல. அது கழிஞ்சு பங்குச் சாமியார் வீடு வீடாப் போய்ச் சொன்னாவ, இனி காத்திருக்காண்டாம், அடக்கப் பூசை வச்சுருவோம்னு. உடம்பு இல்லாம எப்படி அடக்க? வெறும் பெட்டியில அவியவியளுக்க துணிமணி, செபமாலை, போட்டோ வச்சு அடக்கலாம்னு முடிவு. பெட்டி எல்லாம் ஒரே அளவுல செய்யக் குடுத்தாவ.

அப்போதான் பிலோமி எனக்க வீட்டுக்கு வந்தா. ஃபைனலுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் வாறா. உள்ள வரல்ல, நடையில நின்னா. மெலிஞ்சு கம்பு மாதிரி ஆயிட்டா.

"அண்ணா, அவனுக்க ஜெர்சி உனக்கிட்ட இருக்கா?"

"கிளப்புப் பெட்டியில இருக்கு."

"அதைத் தா."

"என்னத்துக்கு?"

"ஃபைனல் அன்னைக்கு ராத்திரியே அவனுக்க துணி எல்லாத்தையும் எடுத்து நான் துவைச்சுப் போட்டுட்டேன். போர்த்துன துவர்த்தைக் கூடத் துவைச்சுட்டேன். போட்டுக்கிட்டுப் போனதைக் கடலு கொண்டு போயிட்டு. வீட்டுல எதை எடுத்து மோந்தாலும் சோப்பு மணம்தான் வருது. அது ஒண்ணுதான் துவைக்காமக் கெடக்கு. அதை அப்படியே தா."

எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துது. எனக்க தங்கச்சில்லா. ஆனா தம்பி, அது கிளப்பு சாமான். ஒரு செட்டுல ஒண்ணு போனா செட்டு போச்சு. நான் பாட்டுக்கு எடுத்துக் குடுத்துட்டா நாளைக்கு சகாயத்துக்க வீட்டுல கேப்பாவ, டெலாசாலுக்க வீட்டுல கேப்பாவ. நான் சொன்னேன், "ஞாயித்துக்கிழமை கமிட்டியைக் கூட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுத் தாறேன்"னு. அவ என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் சரின்னு போயிட்டா.

கமிட்டியைக் கூட்டினேன். விசயத்தைச் சொல்லி முடிக்கல்ல, ரெண்டு பேரு எழும்பிட்டானுவ. "இதுக்கு ஒரு மீட்டிங்காவே?"ன்னு கேட்டுட்டு வெளிய போனான் ஒருத்தன். இன்னொருத்தன் போவும்போது காறித் துப்பினான். மரியாதை தெரியாதவனுவ. மிச்சம் இருந்தவனுவ குடுக்கலாம்னு தலையை ஆட்டினானுவ. முறைப்படி தீர்மானம் ஆச்சு. இனி யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

பெட்டியைத் தொறந்து எடுத்தேன். சேறும் வேர்வையும் காஞ்சு பலகை மாதிரி இருந்துது. கழுத்துப் பக்கம் கிழிஞ்சிருந்துது, யாரோ இழுத்ததுல. ஒரு மனுசனை அடக்கப் பெட்டியில வைக்கப் போற துணி. அதுவும் எங்க ஊருலயே பெரிய ஆட்டக்காரன். அவனுக்கு அழுக்குத் துணியையா வைக்குதது? எனக்கு மனசு கேக்கல்ல. கிணத்தடியில உக்காந்து நானே துவைச்சேன். கிளாராகிட்டக் குடுக்கல்ல. எனக்கு ஒரு நாளும் துணி துவைச்சுப் பழக்கம் இல்ல தம்பி, அன்னைக்குத் துவைச்சேன். ரெண்டு தடவை சோப்பு போட்டு, அந்தச் சேத்துக் கறை போவுத வரைக்கும். வெயில்ல காயப்போட்டு, கழுத்தைத் தச்சு, இஸ்திரி போட்டு மடிச்சேன். புதுசு மாதிரி ஆயிட்டு. கிளாரா அடுக்களை வாசல்ல நின்னு பாத்துட்டு, "ஐயோ, என்ன காரியம் செய்தீங்க"ன்னா. ஆம்பளை துவைக்கதைப் பாத்துதான் சொல்லுதான்னு நினைச்சேன்.

ரெண்டு கையிலயும் வச்சுக் கொண்டு போய்க் குடுத்தேன், கோயில்ல காணிக்கை குடுக்குதது மாதிரி. பிலோமி வாங்கினா. முகத்துல வச்சு அமுக்கினா. ஒரு மூச்சு இழுத்தா. அப்புறம் இன்னொரு மூச்சு. அப்புறம் முகத்தை எடுத்து என்னைப் பாத்தா.

அழல்ல தம்பி. அழுதிருந்தா எனக்கு விளங்கியிருக்கும். என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா. கையி தானா விரிஞ்சு ஜெர்சி கீழ விழுந்துது. உள்ள போயிட்டா. வீட்டுல கூடியிருந்த பொம்பளைக எல்லாம் என்னைப் பாக்காவ. நான் குனிஞ்சு எடுத்து, தூசி தட்டி, நாற்காலியில வச்சுட்டு வந்தேன்.

அடக்கத்தன்னைக்கு சிலுவதாசனுக்க பெட்டியும் சேர்த்து எல்லாப் பெட்டியும் வரிசையா வச்சிருந்தாவ. வெனான்ஸுக்க பெட்டியில அதை வைக்கல்ல. பிலோமி அவன் தலை வச்சுப் படுத்த பழைய தலையணையை வச்சா, உறையில்லாத தலையணை. அது போதும்னு சொல்லிட்டா. ஜெர்சியை ஒரு சின்னப் பையில போட்டு யாரோ எனக்க வீட்டு நடையில வச்சுட்டுப் போயிருந்தாவ. ஒருத்தனும் போட்டதே இல்லன்னு சொல்லுத மாதிரி அவ்வளவு சுத்தமா இருந்துது. கிளப்புப் பெட்டியில திரும்ப வச்சேன். செட்டு முழுசா இருக்கு. ஒண்ணு கூடக் குறையல்ல.

நீங்களே சொல்லுங்க தம்பி, நீங்க படிச்சவங்க. அழுக்கா இருந்ததைச் சுத்தமாக்கிக் குடுத்தேன். இதுல என்ன தப்பு? அவ 'அப்படியே தா'ன்னு சொன்னா, சரிதான். துக்கத்துல இருக்குதவ என்னவெல்லாமோ சொல்லுவா. பெரியவன் நான் பாத்துச் செய்யாண்டாமா? ஒருத்தர் கூட எனக்கு இதுவரை விளக்கிச் சொல்லல்ல. கிளாராகிட்டக் கேட்டேன். "உங்களுக்குச் சொன்னா விளங்காது"ன்னுட்டா.

நீங்களும் ஜன்னல் பக்கம் திரும்பிட்டிய. சரி, விடுங்க.

அடுத்த சீசனுக்கு நோட்டீஸு ஒட்டினேன், பிராக்டீஸு தொடங்குதுன்னு. விசிலும் பந்துமாப் போய் நின்னேன். ஒருத்தன் வரல்ல. வெயில் சாயுத வரைக்கும் நின்னேன். மறுநாளும் போனேன். கல்லு மேல உக்காந்து நாலஞ்சு இளவட்டம் போனைப் பாத்துக்கிட்டிருந்தானுவ. "வாங்கலே"ன்னேன். ஒருத்தன் சொன்னான், "நீங்க ஜெர்சியைப் பூட்டி வச்சுக்கிடுங்க பெரியப்பா, நாங்க தெரு டீமுல ஆடிக்கிடுதோம்"னு. அவனுவ இப்போ பனவிளைப் பயலுவளோட சேர்ந்து ஆடுதானுவ, தெரியுமா? குருசடிக்கு அந்தப் பக்கம், அவனுவளுக்க கிரவுண்டுல, ரெண்டு ஊரும் கலந்து ஒரே டீம். ஜெர்சி இல்ல, ஆளுக்கொரு கலர் பனியன். எங்க அப்பாவுக்குக் காது போன எல்லையிலதான் நடந்து போறானுவ. எலிஜியுஸ் சாமியாரு இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாவளோ என்னவோ. எனக்கு வயிறு எரியுது.

இப்போ கிரவுண்டுல ஆட்டம் கெடயாது. வலை காயப்போடுதாவ, கருவாடு காயப்போடுதாவ. ஆனாலும் நான் வருசம் தவறாம நாகர்கோயிலுக்குப் போய் கிளப்பைப் பதிஞ்சுட்டு வாறேன். இன்னைக்கும் அதுக்குத்தான் போயிட்டு வாறேன். அங்க இருக்குத பையன் கேக்கான், "டீம் எங்க?"ன்னு. இருக்குன்னு சொன்னேன்.

இறங்குங்க, ஸ்டாப் வந்துட்டு. பையை மறந்துராதீங்க. பாத்து, படியில வழுக்கும்.

இந்த ரோட்டுல நேரே போனா கோயிலு. அதுக்குப் பின்னால கல்லு அடுக்கியிருக்கு பாத்தியளா, அதுக்கு இந்தப் பக்கம் தெரியுதே, அதுதான் கிரவுண்டு. நெத்திலி காயுது. அங்க ஒரு பொம்பளை காக்கா விரட்டிக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க, வெள்ளைச் சேலை. அதுதான் எனக்க தங்கச்சி. வெனான்ஸு எப்படி ஆடுவான்னு அவகிட்டக் கேளுங்க. தெரியாதவங்ககிட்ட நல்லாப் பேசுவா. எந்த மேட்ச்ல எப்படி வளைச்சுக் கோல் போட்டான்னு கையைக் காலை ஆட்டிச் சொல்லுவா. பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டுட்டு வந்து எனக்கிட்டச் சொல்லியிருக்காவ.

இல்ல, நான் வரல்ல. நான் வந்தா அவ கருவாட்டை அப்படியே போட்டுட்டு எழும்பிப் போயிருவா, காக்கா கொண்டு போயிரும். நான் இந்த டீக்கடையில இருக்கேன். நீங்க மெதுவாப் பேசிட்டு வாங்க, பஸ்ஸு இனியும் உண்டு.

திரும்பி வரும்போது என்னைப் பாக்காமப் போயிராதீங்க தம்பி. என்னைப் பத்தி அவ ஏதாவது சொன்னாளான்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க. ஏசினாலும் சரி. ஏசினாளான்னாவது சொல்லுங்க.